5,754 ஓட்டுகள்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 27. டிகிரி முடித்துவிட்டு குரூப் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஏரிக்கு வரும் வாய்க்காலில் இருந்த ஆக்கிரமிப்பை, நண்பர்களோடு சேர்ந்து மனு மேல் மனு போட்டு அகற்ற வைத்தோம். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாம் என்று அப்போதிருந்தே ஒரு எண்ணம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "தெலங்கானாவில் எருமை மேய்த்த பொண்ணு நின்னுச்சே, நாடே பேசிச்சு. டெபாசிட் வந்துச்சா?" என்று கேட்கிறார். இன்ஸ்டாகிராமில் என்னை 40,000 பேர் பின்தொடர்கிறார்கள். அது ஓட்டாக மாறுமா? நான் நிற்கலாமா?

க.

அன்புள்ள க.,

நில்லுங்கள். அப்பா சொல்வது உண்மைதான், டெபாசிட் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கதை அதோடு முடிந்துவிடவில்லை.

கர்னே சிரிஷா, கொல்லாபூர் பகுதியைச் சேர்ந்த பட்டதாரி. எத்தனை பட்டம் வாங்கினாலும் வேலைக்கான அறிவிப்பு வரவில்லை, அம்மாவிடம் கேட்டு நாலு எருமை வாங்கிவிட்டேன் என்று மேய்ச்சல் நிலத்தில் நின்று ஒரு வீடியோ போட்டார். பர்ரெலக்கா, அதாவது எருமைக்கார அக்கா, என்ற பெயர் அப்படி வந்தது. அந்த வீடியோவுக்காக அவர் மேல் போலீஸ் வழக்கும் போட்டது. அங்கே குரூப் 1 முதல்நிலைத் தேர்வு 2023இல் மட்டும் இரண்டு முறை ரத்தானது, முதல் முறை வினாத்தாள் கசிவால், அடுத்து உயர்நீதிமன்ற உத்தரவால். படித்துவிட்டுக் காத்திருந்தவர்களின் கோபத்துக்கு அந்தப் பெண் முகமானார். அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் விசில் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். பிரசாரத்தில் அவர் தம்பி தாக்கப்பட்டார். பாதுகாப்பு கொடுக்கும்படி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. புதுச்சேரி முன்னாள் அமைச்சர் மல்லாடி கிருஷ்ணா ராவ் 1 லட்சம் ரூபாய் கொடுத்தார். வெளியூர் இளைஞர்கள் வந்து தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டார்கள். கிடைத்தது 5,754 ஓட்டு, நான்காம் இடம்.

பணமோ கட்சியோ பின்னால் இல்லாத, இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அத்தனை பேர் போய் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். எனக்கு அது சின்ன எண்ணிக்கையாகத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் 40,000 பேருக்கு வருவோம். சிரிஷாவின் வீடியோவைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கொல்லாபூரில் ஓட்டே கிடையாது. உங்களைப் பின்தொடர்கிறவர்களில் உங்கள் தொகுதிக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சில நூறு தேறினால் அதிகம். அவர்களைத் தேடிப் பிடித்து நேரில் சந்தியுங்கள். உங்களுக்கு வேண்டியது அவர்கள்தான்.

ஏனென்றால் தேர்தல் நடப்பது பூத்தில். ஒரு தொகுதியில் கிட்டத்தட்ட 300 பூத் இருக்கும். ஓட்டுப்பதிவு அன்று விடிவதற்கு முன்பே ஏஜென்ட்டுகள், அதாவது வேட்பாளர் சார்பில் பூத்தில் உட்காருபவர்கள், வந்துவிட வேண்டும். அவர்கள் கண் முன்னால் குறைந்தது 50 மாதிரி ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டு, இயந்திரத்துக்கு சீல் வைப்பார்கள். சாயங்காலம் எத்தனை ஓட்டு பதிவானது என்ற கணக்கை 17சி படிவத்தில் எழுதி ஏஜென்ட் கையில் ஒரு பிரதி கொடுப்பார்கள். பெரிய கட்சிக்கு இதற்கு ஆள் இருக்கிறது. சுயேச்சையின் நாற்காலி பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். முந்நூறு பூத்துக்கும் ஆள் பிடிக்க உங்களால் முடியாது. அந்த ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு முப்பது பூத்தைப் பிடியுங்கள். இப்போதே வாக்காளர் பட்டியலை வாங்கி, வீடு வீடாகப் போய், யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது, யார் இறந்தும் பட்டியலில் இருக்கிறார் என்று பாருங்கள். பெயர் சேர்க்க உதவிய வீட்டில் உங்கள் முகம் மறக்காது. மனு எழுதி, அலைந்து, வாய்க்காலைத் திறக்க வைத்தவருக்கு இது புது வேலை இல்லை.

சுயேச்சைக்கு முன்மொழிய தொகுதி வாக்காளர்கள் 10 பேர் வேண்டும். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டுதான் சட்டத்தைத் திருத்தி இதைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பத்துப் பேரும் உங்கள் நண்பர் வட்டமாகவே இருக்க வேண்டாம். வாய்க்கால் விஷயத்தில் உங்களோடு நின்ற விவசாயிகள், பெண்கள், காலனித் தெருக்காரர்கள் இருக்கட்டும். வேட்புமனுவில் அந்தப் பத்துப் பெயரைப் பார்த்தாலே நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

அப்புறம் பணம். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அது திரும்பாது. போனால் போகட்டும். செலவு உச்சவரம்பு 40 லட்சம் என்கிறார்கள் என்பதற்காக அந்தப் பக்கமே பார்க்காதீர்கள். வட்டிக்கு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அம்மாவின் நகையைத் தொடக் கூடாது. தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, டீச்செலவு வரை எழுதி வையுங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்ற சோர்வில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். தக்க காரணம் இல்லாமல் கொடுக்கத் தவறினால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாதபடி ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். இடையில் வரும் உள்ளாட்சித் தேர்தலில் உங்களால் ஜெயிக்கவே முடியும் என்று நினைக்கிறேன், அதை இப்படி இழக்க வேண்டாம்.

குரூப் தேர்வுக்குப் படிப்பதையும் விடாதீர்கள். அப்பாவிடம் அதை முதலில் சொல்லுங்கள்.