சுவடு படாமல்

வணக்கம் ஐயா,

மூன்று வருடங்களாக விரதம், மௌனம், பௌர்ணமிதோறும் வெறுங்காலில் கிரிவலம் என்று இருக்கிறேன். இப்போது ஒரு மண்டலம், ஒருவேளைச் சாப்பாடு. தலை சுற்றுகிறது, ஆனாலும் பாதியில் விட மனமில்லை. போன வாரம் பூஜையில் இருந்தபோது மகள் ஓடிவந்து, பரணில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று கையைப் பிடித்து இழுத்தாள். அதட்டி அனுப்பினேன். தினமும் நன்றி எழுத ஒரு நோட்டு வைத்துக்கொள் என்கிறார் நண்பர். கஷ்டமே படாமல், நன்றி நன்றி என்று சந்தோஷமாக இருந்துவிட்டால் கடவுள் கிடைத்துவிடுவாரா? விரதத்தை முடிக்கவா, நிறுத்தவா?

ம.

அன்புள்ள ம.,

நோட்டு விஷயத்தை விடுங்கள், எழுதுகிறவர்கள் எழுதட்டும். உங்கள் கடிதம் வந்தபோது அப்பர் திருவையாற்றில் பாடிய பதிகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அவர் கயிலைக்குப் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாதம் தேய்ந்தது, கையை ஊன்றித் தவழ்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமல் புரண்டார். எதிரே வந்த முனிவர், மனிதர்கள் போகிற இடமா அது, திரும்பிப் போ என்றார். செத்தாலும் திரும்பமாட்டேன் என்றார் அப்பர். நீங்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறீர்கள். அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொன்னான் இறைவன். மூழ்கியவர் எழுந்தது காவிரிக்கரையில், திருவையாற்றில். கயிலைக் காட்சி கிடைத்தது அங்கேதான். ஆடி அமாவாசைக்கு ஐயாறப்பர் கோயிலில் இன்றும் அந்த விழா நடக்கிறது.

தேய்ந்த காலும் கையும் நமக்கு எப்படித் தெரியும்? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லித் தெரியும். 7ஆம் நூற்றாண்டில் பாடிய அப்பரின் அந்தப் பதிகத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. 11 பாட்டு, பாட்டுக்கு ஒரு ஜோடி. பிடியும் களிறுமாக யானைகள், கோழியும் பெடையும், குயில், மயில், நாரை, கிளி, கடைசியில் இளம் பசுவும் காளையும். பன்றிக்கும் ஒரு பாட்டு உண்டு. பார்த்துவிட்டு, 'கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்' என்கிறார். திருவாமூரில் பிறந்தவர் கோழியைப் பார்க்காமலா வளர்ந்திருப்பார்? வழியெல்லாம் பார்த்ததை அன்றுதான் கண்டார். 'யாதும் சுவடு படாமல்' போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார். பட்ட பாட்டின் தடம் எதுவும் மிச்சமில்லை என்றே நான் அதைப் படிக்கிறேன்.

கும்பகோணம் பக்கம் என் அத்தை ஒருத்தி இருந்தாள். விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது அந்தப் பாட்டைத்தான் முணுமுணுப்பாள். சேவல் முதலில் குதித்து இறகை உதறும், பெடை தலையைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் வரும். 'கோழி பெடையொடும் கூடிக் குளிர்ந்து வருவன கண்டேன்' என்ற வரி சரியாக அப்போது வரும். மாமா சின்ன வயதிலேயே போய்விட்டார், நிலம் பங்காளிகளிடம் போயிற்று. அத்தை அழாமல் இல்லை. ஆனால் அழுததைக் காட்டி சாமியிடம் கூலி கேட்டதை நான் பார்த்ததேயில்லை.

நீங்கள் கேட்கிறீர்கள், ம. மூன்று வருடக் கஷ்டத்தை வட்டியோடு எழுதி வைத்துக்கொண்டு, சிரிக்கிறவனுக்கும் கடவுள் கிடைத்துவிடுவாரோ என்று பொருமுகிறீர்கள். கோபம் வந்தால் வரட்டும், இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் குழந்தை உங்களைக் கூப்பிட்டது அப்பர் கண்ட காட்சிக்கு. அதை அதட்டி விரட்டிவிட்டு எதை நோக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள்?

வலியே பொய் என்று நான் சொல்லவில்லை. திருவதிகைக் கோயிலில் சூலை என்கிற வயிற்று நோயோடு விழுந்த அப்பர், குடலை முறுக்குகிறது, தாங்கமாட்டேன் என்றுதான் கதறினார். தீர்த்துவை என்று கேட்டார், வலியைக் காணிக்கையாக நீட்டவில்லை. பின்னால் பல்லவ அரசன் ஆள் அனுப்பியபோது 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்று பாடியவரும் அவர்தான்.

புல் செதுக்குகிற உழவாரத்தை அப்பர் கையில் பிடித்தாரே, அது கஷ்டமில்லையா என்று நாளைக்கே எழுதுவீர்கள். அது உழைப்பு. பிராகாரத்துப் புல்லையும் முள்ளையும் அவர் செதுக்கினார், பின்னால் வந்தவர்கள் நிம்மதியாக நடந்தார்கள். உங்கள் தலைசுற்றலால் யார் நடந்தார்கள்?

இன்று ராத்திரியே வயிறாரச் சாப்பிடுங்கள். காலையில் ஒரு டாக்டரைப் பாருங்கள். மண்டலத்தை முடிப்பதா என்பதை அவர் என்ன சொன்னார் என்று எழுதிய பிறகு பேசுவோம்.