இ.சி.ஜி. நார்மல் என்றால் போதுமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 28. ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, சென்னையில் இரண்டரை வருடம் சிகிச்சை எடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது. குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். சின்ன வயதில் கீமோ எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயம் பாதிக்கலாம் என்று தெரிந்த நர்ஸ் அக்கா ஒருவர் சொன்னார். பயந்துபோய் இ.சி.ஜி. எடுத்தேன். நார்மல் என்று வந்தது. "முடிஞ்சுபோனதை எதுக்குக் கிளறுறே?" என்கிறார் அம்மா. கணவருக்கு எல்லாம் தெரியும், மாமியார் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. நான் இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?
- பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

பதில்: பார்க்க வேண்டும் அம்மா. எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும், அதுவும் கருத்தரிப்பதற்கு முன்பே. அந்த நர்ஸ் அக்கா உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்.

அவர் சொன்னது கீமோவில் ஏற்றும் ஒரு மருந்தைப் பற்றித்தான். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நான் வேலை பார்த்த காலத்தில் அந்த மருந்தின் முழுப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். "இன்னைக்குச் செவப்பு மருந்தா சிஸ்டர்?" என்றுதான் அம்மாக்கள் கேட்பார்கள். ரோஜா சர்பத் மாதிரி நிறம். டிரிப் ஏறி முடிந்து சில மணி நேரத்தில் பிள்ளை சிவப்பாகச் சிறுநீர் போகும். முதல் தடவை பார்க்கிற தாய் பதறிக்கொண்டு ஓடி வருவாள். "ரத்தமில்லம்மா, மருந்தோட நிறம்தான்" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ! இத்தாலியில் ஒரு கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது. டௌனோரூபிசின், டாக்ஸோரூபிசின் என்று இரண்டு முக்கியமான வகை. டாக்ஸோரூபிசினுக்கு அட்ரியாமைசின் என்றும் பெயர் உண்டு. உங்களைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இன்று உயிரோடு இருப்பதில் இந்த மருந்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதை ஏற்றியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

ஆனால் புற்றணுக்களை அழிக்கிற அதே மருந்து இதயத் தசை செல்களையும் தொடுகிறது. தோலும் முடியும் திரும்ப வளர்ந்துவிடும்; இதயத் தசை அப்படி வளராது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இழந்த செல்கள் இழந்தவைதான். மிச்சம் இருப்பவை கூடுதலாக உழைத்துச் சமாளிக்கும். அதனால்தான் பத்து, இருபது வருடம் எதுவும் வெளியே தெரியாது. ஐந்து வயதுக்குள் மருந்து ஏறியவர்களுக்கும் பெண்களுக்கும் ஆபத்து சற்று அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. மார்பில் கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் இன்னும் கூடுதல்.

இ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். பம்பு எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று அது சொல்லாது. அதற்கு எக்கோதான். ஊசி கிடையாது, வலி கிடையாது, மார்பில் ஜெல் தடவி ஸ்கேன் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஓர் எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 55க்கு மேல் இருந்தால் நல்லது. இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் 'ஸ்ட்ரெய்ன்' அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இ.எஃப். குறைவதற்கு முன்பே அதில் மாற்றம் தெரிய வாய்ப்புண்டு.

அடுத்தது, உங்கள் பழைய ஃபைல். அம்மாவின் டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ இருக்கும். அவரிடம் பக்குவமாகப் பேசி எடுங்கள். இல்லையென்றால் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில், அன்றைய கார்டு எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். 'எம்.சி.பி. 841' என்ற சிகிச்சைத் திட்டத்தின் பெயர் மட்டும் ஒரு சீட்டில் இருந்தால்கூட எங்களுக்கு அது நல்ல துப்பு. தெரிய வேண்டியது, சிவப்பு மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்பது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு எக்கோ வேண்டும். 100க்கும் 250க்கும் நடுவில் என்றால் ஐந்து வருடத்துக்கு ஒன்று. மருந்துக்கு மருந்து கணக்குக் கொஞ்சம் மாறும். அதை டாக்டர் போட்டுக்கொள்ளட்டும். கர்ப்பம் என்று வரும்போது மட்டும் அளவு குறைவாக இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுவதே சரி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்த நாளில் சிகிச்சை முடிந்து ஐந்து வருடம் ஆனதும், "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது, போய் நல்லாப் படி" என்று பிள்ளைகளை அனுப்பிவைப்போம். ஏறிய மருந்தின் அளவை ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அப்படி நான் அனுப்பிவைத்த ஒரு பெண், பதினாறு வருடம் கழித்து என்னைத் தேடி வந்தாள். வயது 24. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுத்தால் இருமல். ஆஸ்துமா என்று எட்டு மாதம் இன்ஹேலர் இழுத்திருக்கிறாள். "எப்படிம்மா தூங்குறே?" என்று கேட்டேன். "சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் டாக்டர்" என்றாள். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி அப்படியே நின்றது, நீர் கோத்திருந்தது. எக்கோவில் இ.எஃப். 30. சிறு வயதில் கீமோ எடுத்ததை அவள் எந்த டாக்டரிடமும் சொல்லியிருக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மாத்திரைகள் ஆரம்பித்து மெதுவாகத் தேறினாள், இப்போது வேலைக்குப் போகிறாள். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

கர்ப்ப காலத்தில் உடலில் ரத்த அளவு கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடும். அவ்வளவையும் இதயம்தான் தள்ள வேண்டும். எக்கோ நன்றாக இருந்தால் தைரியமாகக் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் நல்லபடியாகவே நடக்கிறது. பலம் குறைந்திருந்தால் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இதயத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், உதாரணமாக எனலாபிரில், கருவுக்கு ஆகாது. அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன்.

இரத்த அழுத்தத்தையும் வருடம் ஒருமுறையாவது பாருங்கள். சிவப்பு மருந்து ஏறிய இதயத்துக்கு பி.பி.யும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அளவோடு இருக்கட்டும்.

மாமியார் வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கூட மாமியார் வந்தால், "டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த இரண்டரை வருடம் ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துப் படுத்தவர் அவராகத்தான் இருக்கும். திரும்பவும் அந்த வாசலை நினைக்கவே அவருக்கு பயம். எக்கோவுக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. கீமோவுடன் மார்பில் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். இப்போது 19 வயது, கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். ஜிம்முக்குப் போகிறேன் என்கிறான். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ஃபைல் எல்லாம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: ஓடட்டும், சைக்கிள் மிதிக்கட்டும், பேட்மிண்டன் ஆடட்டும். உடற்பயிற்சி இவனுக்கு நல்லதுதான். மூச்சை அடக்கிப் பெரிய எடை தூக்குவதை மட்டும் எக்கோ பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். மார்பில் பட்ட கதிர்வீச்சு இதய ரத்தக் குழாய்களையும் வால்வுகளையும் பல வருடம் கழித்துப் பாதிக்கலாம். ஆகவே கொழுப்பு, சர்க்கரை, பி.பி. மூன்றையும் இந்த வயதிலிருந்தே பார்த்து வர வேண்டும். சிகரெட் பக்கம் போகவே கூடாது. இதை நீங்களே அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

ஃபைல் உங்கள் பீரோவில் இருந்தால், கோவையில் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போகும்போது அவனிடம் என்ன இருக்கும்? முழுசாக ஜெராக்ஸ் எடுத்து, அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது கையில் கொடுங்கள். போனிலும் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.