பேக்பிளேட்–விங்கில் குறையே இல்லையா? ஜாக்கெட்டை விட்டு மாறலாமா?

கேட்டவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தவர், அதன் அருகே கடலடிப் பாறைத்திட்டான அலிவால் ஷோலில் இருபது டைவ் முடித்தவர். வாடகை ஜாக்கெட் பிசிடி (காற்றை ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்க டைவர் மாட்டிக்கொள்வது) அலுத்துப்போய்விட்டது, சொந்தமாக வாங்குவதென்றால் பேக்பிளேட்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள், யாரும் குறை சொல்வதில்லையே என்கிறார்.

நான் சொல்கிறேன். நாலு வருடமாக அதைத்தான் மாட்டுகிறேன், விற்கிற எண்ணமும் இல்லை. தண்ணீருக்கடியில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடையாது. முதுகில் ஒரு உலோகத் தகடு, அதன் ஓட்டைகளில் கோத்த ஒரே நீளப் பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விங் என்கிற ஒரு காற்றுப் பை. மார்பில் எதுவும் அழுத்தாது, உடம்பு தானாகப் படுக்கைவசமாக நிற்கும். 1974-இல் மொலாசஸ் ஏற்றிக்கொண்டு வந்து மூழ்கிய ‘புரொடியூஸ்’ கப்பலின் பக்கவாட்டில் நீந்தும்போது ஜாக்கெட்டை நினைத்துப் பார்க்கவே தோன்றாது.

தொல்லையெல்லாம் தண்ணீருக்கு மேலேதான், அதிலும் நம் டர்பன் பக்கத்து ரப்பர் டக் என்கிற காற்றடைத்த ரப்பர் படகில். உம்கோமாஸ் ஆற்று முகத்துவாரத்தில் அலையைத் தாண்டிப் போகிற அந்தப் படகில் ஏணி கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். டைவ் முடிந்ததும் தண்ணீரில் மிதந்தபடியே முதலில் வெயிட் பெல்ட் (தண்ணீரில் அமிழ இடுப்பில் கட்டுகிற எடை), அடுத்து சிலிண்டரோடு மொத்த செட், இவற்றை மேலே கொடுத்துவிட்டு, காலில் மாட்டிய துடுப்பை உதைத்து நாம் ஏற வேண்டும். ஜாக்கெட்டில் தோள் பக்கிளை அழுத்தினால் கழன்றுவிடும். இதில் தோளில் பக்கிளே கிடையாது. இடுப்பில் ஒன்று, அவ்வளவுதான்.

புது செட்டோடு போன முதல் நாள் படகோட்டி “பெல்ட்” என்று கை நீட்டினார். கழற்றினேன், வரவில்லை. பெல்ட்டை முதலில் கட்டிவிட்டு அதன் மேல், செட் மேலே ஏறாமல் இருக்கக் கால்களுக்கு நடுவே வருகிற கால் இடைப் பட்டையைப் போட்டிருக்கிறேன். கோவணத்துக்குள் மாட்டிய சாவிக்கொத்து மாதிரி பெல்ட் அங்கேயே தொங்குகிறது. சரி, செட்டையாவது கொடுப்போம் என்றால், வீட்டில் டி-ஷர்ட்டோடு அளவெடுத்த தோள்பட்டை 5 மில்லிமீட்டர் தடிமனான வெட்சூட்டின் (டைவ் உடை) மேல் கவ்விக்கொண்டு முழங்கையை விடவில்லை. அவர் மேலிருந்து சிலிண்டர் வால்வைப் பிடித்து இழுக்க, நானும் கூடவே போகிறேன். படகில் ஏற்கெனவே வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருவர்கூட நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

பெல்ட் விஷயம் சிரிப்பாக முடிந்தது, ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆபத்தில் கழற்றி எறிய முடியாத எடை நம்மைக் கீழேதான் இழுக்கும். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்து முத்துக்குளிப்பவர் கல்லை மிதித்து இறங்குவார், அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், மேலே இருப்பவர் கயிற்றால் அதை இழுத்துக்கொள்வார். எஃகுத் தகட்டை அப்படி விட முடியாது. 3 மில்லிமீட்டர் தகடு கிட்டத்தட்ட 3 கிலோ வரும், அதனால் ஜாக்கெட்டோடு 8 கிலோ கட்டிய நான் இப்போது 5 கட்டுகிறேன். மொத்த எடையையும் முதுகில் ஏற்றிவிட்டு பெல்ட்டே இல்லாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. பெல்ட் கடைசியாக, கால் இடைப் பட்டைக்கு வெளியே வர வேண்டும். அலையில் ஆடுகிற படகில் உட்கார்ந்து இதைச் செய்வது எரிச்சல்தான். கோடையில் மெல்லிய வெட்சூட்டும் எஃகு சிலிண்டரும் என்றால் எடை கூடிப்போகும், அதற்கு ஒரு கிலோவுக்குள் நிற்கிற அலுமினியத் தகடு இருக்கிறது.

மேலே மிதக்கும்போது விங்கை முழுக்க ஊதாதீர்கள், முகத்தைத் தண்ணீரில் தள்ளும். தலை வெளியே நிற்கிற அளவு ஊதிவிட்டு, சாய்வு நாற்காலியில் போல் பின்னால் சாய்ந்தால் போதும். ஒற்றைச் சிலிண்டருக்கு 13, 14 கிலோ தூக்குகிற விங் தாராளம். பெரிதாக வாங்கினால் காற்றில்லாத பை சிலிண்டரைச் சுற்றி மடங்கி இழுக்கும்.

அப்புறம் பை, பாக்கெட் ஒன்றும் கிடையாது. அலிவால் நீரோட்டத்தில், நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டுகிற ஊதும் மிதவை இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, அதை வைக்கவே தொடையில் ஒரு பாக்கெட் தைக்க வேண்டியதாயிற்று. ஊருக்குக் கொண்டுபோனால் விமானத்தின் 23 கிலோவில் 3 கிலோ தகட்டுக்கே போய்விடும்.

பட்டை கோக்க ஒரு முழு மாலை ஆகும். நான் ஹாலில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்ததை வீடியோ காலில் பார்த்த அம்மா, “யாருக்குடா மூக்கணாங்கயிறு?” என்றார். வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள், தோள்பட்டைக்குள் உங்கள் முஷ்டி நுழைய வேண்டும். தளர்வாகத் தெரியும், தண்ணீரில் சரியாகிவிடும். நான் கடைசியில் இடது தோளில் ஒரு பிளாஸ்டிக் பக்கிள் போட்டுக்கொண்டேன். உடையக்கூடிய பொருள் ஒன்று கூடுகிறது என்று சுத்த பேக்பிளேட்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் ஏணி உள்ள படகில் போகிறவர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு செட்டை இரவல் வாங்கி, நீச்சல் குளத்தின் ஆழப் பக்கத்தில் காலூன்றாமல் பத்துத் தடவை கழற்றிப் பாருங்கள். டர்பனில்தானே இருக்கிறீர்கள், என்னுடையதையே தருகிறேன். பட்டையை மட்டும் உங்கள் அளவுக்கு வெட்டிவிடாதீர்கள்.