டைட்டானியம் நிப்பும் பாரமான கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பேனைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மைப்பேனை சேர்ப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அண்மைக் காலமாக டைட்டானியத்தில் மனம் போய்விட்டது. அந்த உலோகத்தில் இரண்டு பேனைகள் வாங்கிவிட்டேன், இரண்டிலும் உருக்கு நிப்தான். இனி நிப்பும் டைட்டானியமாக இருக்க வேண்டும் என்று ஆசை. “விமானம் செய்கிற உலோகம், ஆயுளுக்கும் தேயாது” என்கிறார் நண்பர் ஒருவர். உண்மையா? தங்க நிப்பை விட நல்லதா? அப்புறம், பழைய பார்க்கர் டி-1 டைட்டானியம் பேனை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விலையைக் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. வாங்கலாமா?

ச.,
வெள்ளவத்தை

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் பேனையின் உடலுக்குப் பொருந்துவதை நிப்புக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். இரண்டும் வேறு வேறு கதை.

உடலைப் பொறுத்தவரை உங்கள் தெரிவு நல்லது. காலி வீதிக்குக் கடற்பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்று என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டைட்டானியம் காற்றுப் பட்டவுடனே தன் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உப்பும் வியர்வையும் அதை அசைக்காது. ஆனால் இறகு போல இருக்கும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கன சென்ரிமீற்றருக்கு 4.5 கிராம், பித்தளையின் 8.5க்குப் பக்கத்தில் வைத்தால்தான் அது இலேசு, பிளாஸ்டிக் பேனையோடு ஒப்பிட்டால் பாரம்தான். டைட்டானியமும் டைட்டானியமும் உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. மூடியின் புரியில் சிலிக்கன் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள்.

இனி நிப். முதலில் ஒன்று: தாளில் படுகிற நுனி டைட்டானியம் அல்ல. தங்க நிப்பானாலும் உருக்கு நிப்பானாலும் நுனியில் ஒட்டவைப்பது கடினமான வேறொரு கலப்புலோகம். இங்கேயும் அப்படித்தான். ஆகவே “தேயாது” என்ற பேச்சுக்கு டைட்டானியம் காரணமாக முடியாது. அது தருவது வேறு: வளைவு. அதன் விறைப்பு உருக்கில் ஏறத்தாழ பாதி. அதே வடிவத்தில், அதே தடிப்பில் நிப் செய்தால், பாதி அழுத்தத்திலேயே அதன் இரண்டு கால்களும், அதாவது நடுப்பிளவின் இரு பக்கங்களும், விரியத் தொடங்கும். கோடு தடிக்கும், மை தாராளமாக இறங்கும். தாளில் ஓடும்போது பென்சில் போல ஒரு மெல்லிய உரசல் கைக்குத் தெரியும். எனக்கு அந்த உரசல் மிகவும் பிடிக்கும். எழுதுகிறோம் என்பதை ஒவ்வொரு எழுத்திலும் உணர்த்துகிறது.

ஆபத்தும் அந்த வளைவில்தான். எல்லை தாண்டி அழுத்தினால் கால்கள் விரிந்தபடியே நின்றுவிடும், திரும்பி வராது. குமிழ்முனைப் பேனையை அழுத்தி, கார்பன் தாளில் மூன்று பிரதி எழுதிப் பழகிய கை நமக்கு. அந்தக் கையோடு டைட்டானியம் நிப்பைத் தொடாதீர்கள். முதலில் உங்கள் உருக்கு நிப்பிலேயே, பேனையின் பாரம் மட்டும் தாளில் இறங்கும்படி எழுதிப் பழகுங்கள். சாதாரண சி.ஆர். கொப்பியும் இதற்குத் தோதில்லை, மை பரவிவிடும். கொஞ்சம் வழுவழுப்பான தாள் வேண்டும்.

தங்கத்தை விட நல்லதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. ஆணி போல விறைத்த தங்க நிப்புகள் எத்தனையோ உண்டு. உலோகத்தை விட அதை வெட்டிய விதம்தான் பேசும். ஜெர்மனியின் போக் நிறுவனம் டைட்டானியம் நிப்பைத் திருகிப் பூட்டும்படி தனியாகவே தருகிறது. உங்கள் பேனைகள் அந்த அளவை ஏற்றால் அதில் ஒன்று போதும், புதுப் பேனை வேண்டாம்.

சேர்ப்பவர் நீங்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். இந்த உலோகத்தின் கனிமம் நம் மண்ணிலேயே இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் கிடக்கின்றன. 1791இல் வில்லியம் கிரெகர் இங்கிலாந்தின் கோர்ன்வாலில் இந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்ததும் அப்படியொரு கறுப்பு மணலில்தான். உலகெங்கும் தோண்டப்படும் டைட்டானியத் தாதுவில் மிகப் பெரும் பங்கு உலோகமாவதில்லை, வெள்ளை நிறமியாகிறது. தீந்தை, பிளாஸ்டிக், சில வகைத் தாள்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. புல்மோட்டைக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்பேன்.

கடைசியாக டி-1. மனிதன் நிலவில் இறங்கிய மறு வருடம், 1970இல், விண்வெளிக் காலத்தின் உற்சாகத்தோடு வந்தது. உடலும் நிப்பும் ஒரே தொடர்ச்சி. கோட்டின் தடிப்பை மாற்ற அடியில் சின்னத் திருகாணி. அவ்வளவு அழகான துணிச்சல். ஆனால் டைட்டானியத்தை அந்த வடிவுக்குக் கொண்டுவருவது பெரும் பாடு, 1971இலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த அழகே வாங்குகிறவருக்கு வினையும் ஆகிறது: நிப் பழுதானால் கழற்றி மாற்ற வழியில்லை. எழுதுவதற்கென்றால் வாங்காதீர்கள். சேகரிப்புக்கென்றால், காசு அனுப்பும் முன் மூன்று படங்கள் கேளுங்கள்: உருப்பெருக்கியின் கீழ் நுனி, பக்கவாட்டில் இரண்டு கால்களும், அடித் திருகாணி. நுனியில் ஒட்டிய உலோகம் இரு கால்களிலும் முழுதாக இல்லையென்றால் விலையைப் பேசவே வேண்டாம். படங்கள் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.