மொரீஷியஸ் நாடாளுமன்றத்தில் தமிழருக்கென்று தனி இடம் உண்டா? தோற்றவர்களுள் முன்னணியில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் ‘பெஸ்ட் லூசர்’ இடங்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

தனி இடம் இல்லை. அரசியலமைப்பின் முதல் அட்டவணை நான்கே சமூகங்களைக் கணக்கில் கொள்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், இவற்றில் சேராத எல்லோருக்குமான பொது மக்கள் பிரிவு. தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் இந்து என்ற தலைப்பிலேயே வருகிறார்கள். கோவில், மொழி, தைப்பூசம் என்று நமக்குத் தனி அடையாளம் இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு எடையில்லை.

முதலில் நேரடித் தேர்தல். முக்கியத் தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 3 உறுப்பினர். ரொட்ரிக்ஸ் என்ற சிறு தீவுக்கு 2 பேர். மொத்தம் 62. முக்கியத் தீவில் ஓட்டுப் போடுகிறவர் மூன்று பேருக்கும் குறியிட்டே ஆகவேண்டும். பிடித்த ஒருவருக்கு மட்டும் போட்டால் வாக்குச்சீட்டு செல்லாது. ‘நம்ம ஆளுக்கு மட்டும்’ என்று போட்டு ஓட்டை வீணாக்காதீர்கள்.

அதன் பிறகுதான் ‘பெஸ்ட் லூசர்’ எனப்படும் அதிகபட்சம் 8 கூடுதல் இடங்கள். தேர்தல் மேற்பார்வை ஆணையம் ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும் அது பெற்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுக்கிறது. ஈவு எதற்கு அதிகமோ அதற்கே அடுத்த இடம். ஓர் இடம் கொடுத்ததும் கணக்கை மறுபடி போடுவார்கள்.

கற்பனையாக, இந்து 38, பொது 17, முஸ்லிம் 7, சீனர் 0 என்று முடிவு வந்தால்:

சீனர்: 24,084 ÷ 1 = 24,084
முஸ்லிம்: 1,37,081 ÷ 8 = 17,135
பொது: 2,36,867 ÷ 18 = 13,159
இந்து: 4,28,167 ÷ 39 = 10,979

முதல் இடம் சீனருக்கு. அவர்களுடைய ஈவு உடனே பாதியாகிவிடும். அடுத்த மூன்றும் முஸ்லிம்களுக்கு (17,135, பிறகு 15,231, பிறகு 13,708). அந்தச் சமூகத்தில் தோற்ற கட்சி வேட்பாளர்களுள், தன் தொகுதியில் ஓட்டு விழுக்காடு அதிகம் வாங்கியவர் உள்ளே வருவார். சுயேச்சைகளுக்கு வாய்ப்பே இல்லை.

முதல் 4 இடங்களில் கட்சி பார்ப்பதில்லை. பின் நான்கும் கட்சிச் சமநிலைக்காக: முதல் நான்கில் எத்தனை மற்றக் கட்சிகளுக்குப் போனதோ, முடிந்தவரை அத்தனை வென்ற கட்சிக்குத் திரும்பக் கிடைக்கும். ஆட்சியமைத்தவரின் பெரும்பான்மை கரையக் கூடாது என்பதே காரணம். முக்கியத் தீவின் 60 இடங்களையும் ஒரே அணி வாரிக்கொண்ட 1982, 1995 தேர்தல்களில் 4 இடங்கள்தான் நிரம்பின. ஈடாகக் கொடுக்க வென்ற அணியில் தோற்றவர் எவருமில்லை. 2024-இலும் அதே 60.

எனக்குப் பொறுக்காத இடம் மேலே உள்ள மக்கள்தொகை எண்கள். அவை 1972 கணக்கெடுப்பினுடையவை. அதன்பின் கணக்கெடுப்பில் சமூகம் கேட்பதே இல்லை, ஆகவே அரை நூற்றாண்டுக்கு முந்திய மொரீஷியஸ்தான் இன்றும் வகுக்கப்படுகிறது. வேட்புமனுவில் சமூகத்தை அறிவிக்கச் சொல்வது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012-இல் சொன்னது. 2014 தேர்தலுக்கு மட்டும் தற்காலிகச் சட்டம் போட்டு, அறிவிக்காமலும் நிற்கலாம் என்று விட்டார்கள். அப்படி அறிவிக்காதவர் அந்தத் தேர்தலில் பெஸ்ட் லூசர் இடத்துக்குக் கருதப்படவில்லை.