மாத்திரையும் மஞ்சக்காமாலையும்: டாக்டரம்மா பதில்கள்

போன தடவ டி.பி. பத்தி ரெண்டு வரி எழுதுனதுக்கு கடுதாசி வந்து குமிஞ்சிட்டு. அதுல ஈரல் சம்பந்தமா கேட்டவங்களுக்கு மட்டும் இந்த இதழ்ல பதில் சொல்லுதேன். மத்தவங்க கோவிச்சுக்கிடாதீங்க, உங்களுக்கும் எழுதுவேன்.

எங்க வீட்டுக்காரவியளுக்கு 46 வயசு. நெஞ்சுல டி.பி.ன்னு மாத்திரை ஆரம்பிச்சு அஞ்சு வாரம் ஆகுது. மொத நாள்லேருந்தே ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்லதான் போகுது, நர்ஸம்மா அது மாத்திரை கலரு பயப்படாதீங்கன்னாவ. இப்ப நாலு நாளா சோத்தக் கண்டாலே குமட்டுது, ரெண்டு வாய் தின்னாலும் வாந்தியா வந்துருது. கண்ணு மஞ்சளா இருக்குன்னு பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுதாவ, மாத்திரைய நிறுத்திட்டு பச்சிலை குடிக்க கூட்டிட்டுப் போங்காவ. ஆனா ஒரு நாள் கூட நிறுத்தக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிருக்காவ. சனிக்கெழம கூலி வாங்குனா கொஞ்சம் குடிப்பாவ. நான் பீடி சுத்துதேன், நாலு நாளா தட்டத் தொடல. நான் யாரு பேச்சக் கேக்க?
— பேர் போட வேண்டாம், முக்கூடல்

தாயி, உங்க கடுதாசி ஆபீசுக்கு வந்த அன்னைக்கே அதுல இருந்த நம்பருக்குப் போன் போட்டோம். இன்னைக்கு மாத்திரைய விழுங்க விடாதீங்க, அந்த அட்டையையும் கையில எடுத்துக்கிட்டு நேரா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னேன், நீங்களும் போயிட்டீங்க. வாந்தி நின்னு கஞ்சி குடிக்காவன்னு நேத்து நீங்க சொன்னப்பதான் எனக்கும் மூச்சு வந்துச்சு. இருந்தாலும் உங்க கேள்விய அச்சுல போடணும்னு நெனச்சேன், ஏன்னா இதே எடத்துல நின்னு திகைக்குத குடும்பம் நம்ம பக்கம் நெறைய இருக்கு.

நான் சின்ன டாக்டரா இருக்கும்போது, வேலை பாத்த ஒரு எடத்துல, ஒரு லோடுமேன் அண்ணன் டி.பி. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. அதுக்கு முந்தி ஒரு தடவ பாதில நிறுத்திட்டாருன்னு நாங்க எல்லாரும் சேந்து அவர திட்டியிருக்கோம். ரெண்டாவது தடவ ஆரம்பிச்சப்ப வைராக்கியமா சாப்பிட்டாரு, வாந்தி வந்தா வாந்தி எடுத்துட்டு திரும்ப முழுங்கிருக்காரு, அப்படியே பதினோரு நாள். கண்ணெல்லாம் மஞ்சளாகி நெனவு தப்புன பெறகுதான் வீட்டுல தூக்கிட்டு வந்தாங்க, காப்பாத்த முடியல. அவரு ஒரு தப்பும் பண்ணல, நாங்க சொன்னதத்தான் செஞ்சாரு. நிறுத்தாதேன்னு நாங்க சொன்னது பாதிதான், எப்ப நிறுத்திட்டு ஓடி வரணும்ங்குத மீதிய நாங்க சொல்லவே இல்ல. அந்த மீதியத்தான் இப்ப சொல்லுதேன்.

நீங்க குடுக்குத மாத்திரைல நாலு மருந்து ஒண்ணா இருக்கு: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புட்டால். மொத ரெண்டு மாசம் நாலும், பெறகு நாலு மாசம் பைரசினமைட் இல்லாம மூணும், ஒடம்பு எடைய பாத்து தெனம் இத்தன மாத்திரைன்னு கணக்கு. இந்த நாலுல எத்தாம்புட்டால் ஈரல ஒண்ணும் செய்யாது, அது கண்ணத்தான் தொடும், செவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியலன்னா ஒடனே சொல்லணும். மத்த மூணும் ஈரல் வழியாத்தான் போகும், மூணாலயும் ஈரல் வீங்கலாம், அதுல பைரசினமைட்தான் பொல்லாதது. பெரும்பாலும் மொத ரெண்டு மாசத்துக்குள்ளதான் இது வரும், உங்க வீட்டுல அஞ்சாவது வாரம், சரியா அந்த நேரம்தான். குடிக்குதவங்க, வயசானவங்க, ஒடம்பு ரொம்ப வத்திப்போனவங்க, மஞ்சக்காமாலை பி, சி கிருமி ஏற்கனவே இருக்குதவங்க, எச்.ஐ.வி. உள்ளவங்க, இவங்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

ஆரஞ்சு கலர் வேற, மஞ்சக்காமாலை வேற, இதுலதான் எல்லாரும் கொழம்புதாங்க. ஆரஞ்சு கலரு ரிஃபாம்பிசின் சாயம், வேர்வைல கூட வரும், கண்ணீர்ல கூட வரும், மாத்திரை போட்ட சில மணி நேரம் தூக்கலா இருந்துட்டு பெறகு கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கும், அதால ஒரு கெடுதலும் இல்ல. காமாலைல ஒண்ணுக்கு வரக்காப்பி மாதிரி கருத்துப் போகும், காலைலயும் சரி ராத்திரியும் சரி வெளுக்காது. முற்றத்துல வெளிச்சத்துல நிக்க வச்சு கண்ணோட வெள்ளைய பாருங்க, டியூப்லைட்டுல பாக்காதீங்க. ஆனா ஒண்ணு, கண்ணு மஞ்சளாகுத வரைக்கும் காத்திருக்கவே கூடாது. அதுக்கு முன்னாலயே சோறு பிடிக்காது, குமட்டும், வலது பக்கம் விலாவுக்குக் கீழ வலிக்கும், எந்திரிக்க முடியாத அசதி இருக்கும், அப்பவே அன்னைக்கு மாத்திரைய போடாம அதே நாள்ல போய் காட்டிரணும். நாளைக்குப் போவோம், செவ்வாக்கெழம வேண்டாம் புதன்கெழம போவோம்ங்குத பேச்சே கூடாது.

அங்க ரத்தம் எடுத்து எல்.எஃப்.டி.ன்னு ஈரல் எப்படி வேல செய்யுதுன்னு காட்டுத டெஸ்ட் பாப்பாங்க. ஈரல் என்சைம் சாதாரண அளவ விட மூணு மடங்குக்கு மேல ஏறி கூடவே வாந்தியோ காமாலையோ இருந்தா, இல்ல ஒரு தொந்தரவும் இல்லாமலே அஞ்சு மடங்குக்கு மேல ஏறியிருந்தா, மருந்த நிறுத்திருவாங்க. லேசா ஏறுதது பத்து பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், அது தானா எறங்கிரும், அதப் பாத்து பயந்து நீங்களா நிறுத்தக்கூடாது. நிறுத்துன பெறகு நோய் முத்திருமேன்னு பயமா இருக்கும். நெலமை மோசமா இருந்தா எத்தாம்புட்டாலோட ஈரலுக்கு அவ்வளவு பாரமில்லாத வேற மருந்துகள சேத்து நடுவுல குடுத்து நோயப் பிடிச்சு வச்சுருப்பாங்க. என்சைம் ரெண்டு மடங்குக்குக் கீழ எறங்குன பெறகு ஒவ்வொரு மருந்தா திரும்ப ஆரம்பிப்பாங்க, பெரும்பாலும் ரிஃபாம்பிசின் மொதல்ல, சில நாள் கழிச்சு ரத்தம் பாத்துட்டு ஐசோனியாசிட். பைரசினமைட்ட பல பேருக்கு திரும்பக் குடுக்கவே மாட்டாங்க, அதுக்குப் பதிலா மாசக்கணக்கு நீளும், ஆறு மாசம் ஒம்பது மாசமாகும், அவ்வளவுதான்.

பச்சிலை விஷயத்துக்கு வாரேன். கீழாநெல்லிய நான் எளப்பமா பேசல, நானும் எங்க ஆச்சி அரைச்சுக் குடுத்து மோர்ல குடிச்சவதான். 1988ல சென்னைல மஞ்சக்காமாலை பி கிருமிக்கு கீழாநெல்லி கேக்குதுன்னு ஒரு ஆய்வு வந்து உலகமே திரும்பிப் பாத்துச்சு, பெறகு வேற எடங்கள்ல பாத்தப்ப அந்தப் பலன் கெடைக்கல. அத விடுங்க, நம்ம வீட்டுல நடக்குதது என்னன்னா, மாத்திரைய நிறுத்திட்டு பச்சிலை குடிக்காங்க, மாத்திரைய நிறுத்துனதாலயே காமாலை எறங்கிருது, ஆனா பச்சிலைதான் எறக்குச்சுன்னு நெனச்சு மாத்திரை பக்கம் திரும்பவே மாட்டேங்காங்க, மூணு மாசத்துல டி.பி. எட்டிப் பாக்குது, அந்த நேரம் பழைய மருந்துக்கு மடங்காத டி.பி.யா கூட வரலாம். அதோட அந்தப் பத்தியம் வேற, உப்பில்லா மோர்ச்சோறு, எண்ணெ கூடாது, முட்ட கூடாது, மீன் கூடாதுன்னு. ஏற்கனவே எலும்பும் தோலுமா இருக்குத டி.பி.க்காரருக்கு இந்தப் பத்தியத்தப் போட்டா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க தாயி. வாந்தி நின்னதும் முட்டயும் பயறும் உளுந்தங்களியும் குடுங்க, சாளைமீன் கெடைச்சா குழம்பு வச்சுக் குடுங்க. சாப்பாட்டுக்குன்னு அரசாங்கம் மாசம் 500 ரூவா குடுத்துட்டு இருந்தத 2024 நவம்பர்லேருந்து 1000 ரூவாயாக்கிருக்கு, பேங்க் கணக்குல ஏறுதான்னு கேட்டுப் பாருங்க.

சனிக்கெழம குடிய மட்டும் மருந்து முடியுத வரைக்கும் முழுசா விடணும், பேருக்கு ஒரு குவாட்டர்ங்குதும் கூடாது. இத நீங்க சொல்லி கேக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவங்க சொல்லட்டும். திட்டு வாங்குத வேலை உங்களுக்கு எதுக்கு.

அம்மாவுக்கு ரெண்டு மாசமா சாயங்காலம் சாயங்காலம் காய்ச்சல், 8 கிலோ எறங்கிட்டாங்க. ஸ்கேன்ல ஈரல்ல புள்ளி புள்ளியா இருக்குன்னு சொல்லி மொதல்ல கேன்சரோன்னு பயமுறுத்திட்டாங்க, பெறகு ஊசி போட்டு சத எடுத்துப் பாத்து ஈரல் டி.பி.ங்காங்க. இருமலே இல்லாதவங்களுக்கு ஈரல்ல எப்படி டி.பி. வரும்? சித்தி அம்மாவுக்கு தனி தட்டு, தனி டம்ளர் வச்சுட்டாங்க, அம்மா அழுதுகிட்டே இருக்காங்க.
— காலேஜ் மாணவி, அம்பாசமுத்திரம்

வரும் மக்கா. டி.பி. கிருமி மூச்சு வழியாத்தான் ஒடம்புக்குள்ள போகும், ஆனா போன எடத்துலயே ஒக்காந்துருக்காது. ரத்தத்துல கலந்து ஈரலுக்கு வரலாம், கொடல்ல டி.பி. இருந்தா அங்கேருந்து ஈரலுக்குப் போற ரத்தக்குழாய் வழியாவும் வரலாம். ஈரல் முழுக்க சின்னச் சின்ன கட்டியா வெதச்ச மாதிரி வரும், அதுக்கு வெள்ளக்காரங்க வச்ச பேரே தினை அரிசிய வச்சுத்தான், மிலியரி டி.பி.ம்பாங்க, நம்ம தினை சைஸ்லதான் இருக்கும். சில பேருக்கு ஒரே பெரிய கட்டியா சீழ் கோத்து வரும், சில பேருக்கு ஈரல் வாசல்ல நெறிகட்டி பித்தக்குழாய அமுக்கி காமாலை வரும். கேன்சரோன்னு சந்தேகப்பட்டது தப்பில்ல, ஸ்கேன்ல ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும், அதான் சத எடுத்துப் பாத்துருக்காங்க, பாத்தது ரொம்ப நல்லது. அந்தச் சதைல சிபிநாட் டெஸ்ட்டும் போட்டாங்களான்னு கேளு, ரிஃபாம்பிசின் கேக்குமா கேக்காதான்னு அதுல தெரிஞ்சிரும்.

ஈரல்லயே நோய், ஈரல அடிக்குத மருந்தா குடுக்குததுன்னு அடுத்து நீ கேப்ப. ஆமா, அதே மருந்துதான், குடுத்துத்தான் ஆகணும். நோய் ஆற ஆற ஈரல் ரிப்போர்ட்டும் சரியாகிட்டு வரும், அதனால தொடக்கத்துல ரிப்போர்ட் கொஞ்சம் மோசமா இருக்குன்னு மருந்த தள்ளிப் போட விடாதீங்க. அடிக்கடி ரத்தம் பாத்துக்கிடணும், மேல முக்கூடல் அக்காவுக்குச் சொன்ன அறிகுறி எல்லாம் அம்மாவுக்கும் பொருந்தும்.

தட்ட மொதல்ல எடுத்து பழைய எடத்துல வையி. டி.பி. தட்டுலயும் டம்ளர்லயும் ஒட்டாது, நெஞ்சுல நோய் உள்ளவங்க இருமும்போது காத்துல வாரது. அம்மாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும், சளி வந்தா சளி டெஸ்ட்டும் பாத்துருப்பாங்க, அதுல ஒண்ணும் இல்லன்னா அம்மாவால யாருக்கும் வராது. 1956ல சென்னைல ஆராய்ச்சி ஆரம்பிச்சு, நெஞ்சு டி.பி.க்காரங்கள்ல பாதி பேர சானடோரியம்ங்குத டி.பி. ஆஸ்பத்திரிலயும் பாதி பேர வீட்டுலயும் வச்சு மருந்து குடுத்துப் பாத்தாங்க. 1959ல முடிவு வந்துச்சு: வீட்டுல இருந்தவங்களும் அதே மாதிரி தேறுனாங்க, கூட இருந்த வீட்டாளுகளுக்கும் அதால கூடுதலா நோய் வரல. நெஞ்சு டி.பி.க்கே கதை அது. சித்திகிட்ட இத வாசிச்சுக் காட்டு, அவங்களும் பயத்துலதான செய்யுதாங்க.

டி.பி. மாத்திரை ஆரம்பிச்சதுலேருந்து சுகர் ஏறிக்கிட்டே போகுது. சாப்பாடு அதே சாப்பாடுதான், சுகர் மாத்திரையும் விடல. ஏன்?
— சங்கரன்கோவில் வாசகர், 58 வயசு

இதுவும் ஈரல் செய்யுத வேலதான் ஐயா. ரிஃபாம்பிசின் உள்ள போனதும் ஈரல் மத்த மருந்துகள வேகவேகமா ஒடச்சு வெளிய தள்ளிரும், அதனால பல சுகர் மாத்திரைக்கு வேகம் கொறஞ்சிரும். டி.பி. காய்ச்சலே சுகர ஏத்தவும் செய்யும். நீங்களா மாத்திரைய கூட்டிக்கிடாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, கொஞ்ச நாளைக்கு இன்சுலின் போடச் சொன்னா தயங்காதீங்க. டி.பி. மருந்து முடிஞ்சதும் திரும்ப கொறைக்கணும், அத மறந்தா சுகர் தாந்துரும். வீட்டுல பொண்ணுகளோ மருமகளோ டி.பி. மருந்து சாப்பிட்டா அவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கர்ப்பத்தடை மாத்திரையும் இதே மாதிரி வேல செய்யாமப் போயிரும், வேற வழி பாத்துக்கிடணும்.

அண்ணனுக்கு 52 வயசு. குடியால ஈரல் சுருங்கிட்டு, ஒரு வருஷமா வயித்துல தண்ணி. இப்ப டி.பி.யும் இருக்குன்னு சொல்லுதாங்க. ஈரல் இப்படி இருக்கும்போது அந்த மருந்தக் குடுத்தா ஆளே போயிருவாருன்னு சொந்தக்காரங்க தடுக்காங்க.
— தம்பி, ஆலங்குளம்

தம்பி, பயம் ஞாயமானதுதான், ஆனா மருந்து குடுக்காம விட்டா டி.பி. அவர விடாது. சுருங்குன ஈரலுக்கு எல்லாருக்கும் குடுக்குத அதே கூட்டு மாத்திரைய கண்ண மூடிக்கிட்டு குடுக்க மாட்டாங்க. காமாலை அளவு, ஆல்புமின், ரத்தம் ஒறையுத நேரம், வயித்துத் தண்ணி, நெனவு தெளிவு, இந்த அஞ்சையும் பாத்து ஈரல்ல எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்குன்னு கணக்குப் போடுவாங்க. பைரசினமைட்டத்தான் மொதல்ல கழிப்பாங்க, தெம்பு கொறையக் கொறைய ஈரல் வழியா போற மருந்தயும் கொறைச்சுக்கிட்டே வந்து, ரொம்ப மோசம்னா அது ஒண்ணு கூட இல்லாம வேற மருந்துகளா குடுப்பாங்க. நாள் கூடும், ஒரு வருஷத்துக்கு மேலயும் போகலாம். அதனால நெஞ்சு டாக்டரும் ஈரல் டாக்டரும் சேந்து பாக்குத பெரிய ஆஸ்பத்திரிலதான் தொடங்கணும்.

எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கு. குடிக்குதவங்க வயித்துல தண்ணி வந்தா அது ஈரல் தண்ணிதான்னு எல்லாரும் முடிவு கட்டிருதோம், ஆனா வயித்து டி.பி.யாலயும் தண்ணி கோக்கும், ரெண்டும் ஒரே ஆளுக்கு சேந்தும் இருக்கும். அண்ணன் வயித்துலேருந்து கொஞ்சம் தண்ணி ஊசில எடுத்து வயித்து டி.பி.யான்னு கண்டுபிடிக்க உதவுத ஏடிஏன்னு ஒரு டெஸ்ட் பாத்தாங்களா? பாக்கலன்னா கேளுங்க. பழைய ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கி மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, அந்தத் தண்ணி ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்க.