ஸ்பாம் ஃபில்டர் வாங்கும்முன் ஃபால்ஸ் பாசிட்டிவை அளப்பது எப்படி?

"விற்க வருகிறவர்கள் எல்லோரும் 99.9 சதவீதத் துல்லியம் என்கிறார்கள். நல்ல மின்னஞ்சல் எவ்வளவு தவறாக ஸ்பாமில் போய் விழும் (ஃபால்ஸ் பாசிட்டிவ்) என்பதை நாமே அளந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் நடுத்தர அலுவலகம் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெயில் சர்வரைக் கவனிக்கும் வேலையைப் பார்ப்பவன் என்பதால், 99.9 என்ற எண்ணைக் கேட்டாலே எனக்குச் சற்று எரிச்சல் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்த எண் பொய்யல்ல. எதனால் வகுத்தது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். நாளொன்றுக்கு 1,000 அஞ்சல் வருகிறது, அதில் 900 ஸ்பாம், 100 நல்லவை என்று வைத்துக்கொள்வோம். நல்லவற்றுள் ஒன்று தவறாகப் பிடிபட்டால், மொத்த வரவால் வகுப்பவர் 0.1 சதவீதப் பிழை என்பார். நல்ல அஞ்சலால் வகுத்தால் அதே பிழை 1 சதவீதம். ஸ்பாம் பெருகப் பெருக முதல் கணக்கு தானாகவே அழகாகிவிடும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு, அதுவும் உங்கள் அலுவலகத்து அஞ்சலை வைத்துப் போட்டது.

நாங்கள் ஸ்பாம்அசாசின் என்ற இலவச ஃபில்டரையும் கட்டணச் சேவை ஒன்றையும் ஒப்பிட்டபோது, இரண்டுமே எதையும் தடுக்காமல் அஞ்சலோடு வரும் தொழில்நுட்பத் தகவலான ஹெட்டரில் ஸ்பாம் மதிப்பெண்ணை மட்டும் எழுதும்படி அமைத்து, எல்லா அஞ்சலையும் வழக்கம்போல இன்பாக்ஸுக்கே விட்டோம். இரண்டும் முரண்பட்ட இடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று பலர் எழுதுகிறார்கள். அது எனக்கு ஒப்புதல் இல்லை. புதிய பையர் ஒருவர் அனுப்பிய எல்.சி. (வங்கி தரும் பணம் செலுத்தும் உறுதிக் கடிதம்) வரைவை இரண்டு ஃபில்டர்களுமே ஸ்பாம் என்றன. பெனிஃபிஷியரி, கன்சைன்மென்ட், வங்கியின் பெயர், பெரிய டாலர் தொகை, உடனே உறுதிசெய்யும்படி ஒரு வரி, இணைப்பில் ஒரு பிடிஎஃப். முன்பணம் கேட்டு ஏமாற்றும் கடிதங்களைப் பிடிப்பதற்கென்றே ஸ்பாம்அசாசினில் 'அட்வான்ஸ் ஃபீ' என்ற பெயரில் விதிகள் இருக்கின்றன. ஏற்றுமதித் தொழிலில் அன்றாடம் புழங்கும் சொற்களும் அவைதாம் என்பது அவ்விதிகளுக்குத் தெரியாது. ஸ்பாம் என்று முத்திரையிடுவதற்கான வழக்கமான வரம்பான 5 புள்ளியை அந்த அஞ்சல் எளிதாகத் தாண்டியிருந்தது.

அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது வெளிச்செல்லும் அஞ்சலின் லாக், அதாவது சர்வர் எழுதிவைக்கும் பதிவு. எந்த முகவரிக்கெல்லாம் நம்மவர்கள் எழுதியிருக்கிறார்களோ, அந்த முகவரிகளிலிருந்து வந்து ஸ்பாம் முத்திரை பெற்றவற்றைத் தனியே எடுத்தால், ஆயிரக்கணக்கில் புரட்டாமலே பெரும்பாலான ஃபால்ஸ் பாசிட்டிவ்கள் கையில் கிடைத்துவிடும். எஞ்சியவற்றில் வரம்பை ஒட்டியவற்றை முழுமையாகவும், மிக அதிகப் புள்ளி பெற்றவற்றை மாதிரிக்குச் சிலவாகவும் படிக்க வேண்டும். எது நல்லது என்று முடிவுசெய்ய வேண்டியவர் கணினிப் பிரிவுக்காரர் அல்லர். பையருடன் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்தான். சந்தா செலுத்தியோ செலுத்தாமலோ வரும் விளம்பர மடல்களில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். அவற்றை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் மூன்றாவது வகையாக ஒதுக்கிவிடுங்கள்.

300 நல்ல அஞ்சலில் ஒரு பிழையும் வரவில்லை என்றால் பிழையே இல்லை என்று பொருளல்ல. பிழை சுழியாக வந்தால் 3-ஐ எண்ணிக்கையால் வகுப்பது புள்ளியியலில் உள்ள எளிய விதி. அதன்படி உண்மையான விகிதம் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது. 0.1 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லத் துணிய 3,000 அஞ்சல் வேண்டும். ஒரே ஆளிடமிருந்து தொடர்ந்து வருபவை தனித்தனி மாதிரிகள் ஆகா என்று புள்ளியியல் படித்தவர்கள் கருத்துரையில் எழுதுவார்கள். சரிதான், அப்படியானால் இன்னும் கூடுதலாக வேண்டும் என்றாகிறதே தவிர, குறைவாகப் போதும் என்றாகாது.

இன்னொன்று, அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறது என்று வாசலிலேயே 550 (ஏற்க மறுக்கும் குறியீடு) சொல்லித் திருப்பப்படும் அஞ்சல் எந்த ஸ்பாம் ஃபோல்டருக்கும் வராது. அதை மெயில் சர்வரின் லாகில்தான் எண்ண முடியும். விற்பனையாளர் காட்டும் குவாரன்டைன் (பிடித்து ஒதுக்கிவைத்த அஞ்சல்) கணக்கில் இது இருக்கிறதா என்று கேளுங்கள். திருப்பினால்கூட அனுப்பியவருக்குத் தெரியும். எங்களுடைய பழைய ஹோஸ்டிங்காரர் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழித்துவிடுவார். லாக் கேட்டால் "உங்கள் பிளானில் அது கிடையாது" என்பார். பணம் கட்டுவது நாம், நம் அஞ்சல் எங்கே போனது என்று கேட்க மட்டும் தனிக் கட்டணம்.

வாங்கிய பிறகும் முத்திரையிட்டவற்றை அவ்வப்போது எண்ணிக்கொண்டிருங்கள். 2010 ஜனவரி 1 அன்று, ஸ்பாம்அசாசினின் விதி ஒன்று அந்த ஆண்டையே தொலைதூர எதிர்காலம் என்று எடுத்துக்கொண்டு, சரியான தேதியிட்ட அஞ்சலுக்கெல்லாம் புள்ளி ஏற்றியது. இதைக் காட்டி அதை ஒதுக்கச் சொல்பவர்கள் உண்டு. நாங்கள் ஸ்பாம்அசாசினைத்தான் வைத்துக்கொண்டோம். எந்த விதி எத்தனை புள்ளி கொடுத்தது என்பது ஹெட்டரிலேயே இருப்பதால், அந்த 'அட்வான்ஸ் ஃபீ' விதிகளின் புள்ளியை எங்கள் தொழிலுக்கேற்பக் குறைக்க முடிந்தது. கட்டணச் சேவையிடம் அதே எல்.சி. வரைவு ஏன் பிடிபட்டது என்று கேட்டதற்கு, அது தங்கள் தொழில் ரகசியம் என்று பதில் வந்தது.